ஊசியைக் கையில் எடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்த நான், புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் பணியாற்றிவந்தேன். சென்ற மாதம் ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே பாதிப்பேர் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ள முதியவர்கள். ஒருவருக்கே பத்துப் பன்னிரண்டு மருந்துகள் எழுதப்பட்டிருக்கின்றன. பார்மகாலஜி (மருந்தியல்) புத்தகத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன், மனத்தில் நிற்கவில்லை. ஒரு மருந்தைப் பற்றிச் செவிலியர் குறைந்தபட்சம் என்ன தெரிந்திருக்க வேண்டும்? சந்தேகம் வந்தால் டூட்டி டாக்டரிடம் எப்படிக் கேட்பது?
வாசகி, வில்லியனூர்

பதில்: புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கும் முயற்சியை இப்போதைக்குக் கைவிடுங்கள். பார்மகாலஜி நூல்கள் மருந்துகளை இனம் பிரித்து, அவை உடலில் எப்படி வேலை செய்கின்றன என்று விளக்குபவை. மருந்து ட்ராலியோடு கட்டிலருகே நிற்கும் செவிலியருக்கு எழும் கேள்வியோ, இந்த நோயாளிக்கு இந்த வேளையில் இதைக் கொடுக்கலாமா என்பதுதான். கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும், எந்த நிலையில் கொடுக்காமல் நிறுத்தி மருத்துவருக்குச் சொல்ல வேண்டும், கொடுத்த பின் எந்த மாற்றத்துக்காகக் காத்திருந்து கவனிக்க வேண்டும் என்பவையே உங்களுக்கு முதலில் வேண்டிய அறிவு. உங்கள் வார்டில் அன்றாடம் புழங்கும் மருந்துகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் அஞ்சும் அளவுக்கு அவை அதிகம் இருக்காது.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் கல்லூரியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அவை எழுதப்பட்ட ஆணையை நீங்கள் பிசகாமல் நிறைவேற்றுகிறீர்களா என்று சோதிக்குமே தவிர, அந்த ஆணை இன்று காலை நோயாளி இருக்கும் நிலைக்குப் பொருந்துகிறதா என்று கேட்பதில்லை. நேற்றிரவு ரவுண்ட்ஸில் இதயத்துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் 50 மி.கி. எழுதப்பட்டவருக்கு இன்று காலை எட்டு மணிக்கு நாடித்துடிப்பு 48 என்றால், ஐந்தும் சரியாக இருந்தும் அந்த மாத்திரையை அப்படியே கொடுக்கக் கூடாது. இதய மருந்தான டிகாக்சின் என்றால் மணிக்கட்டில் அல்லாமல் மார்பில் ஸ்டெத் வைத்து முழுமையாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60-க்குக் கீழே இருந்தால் நிறுத்திவைத்துச் சொல்லுங்கள். அதோடு, அதே சார்ட்டில் சிறுநீரைப் பெருக்கும் ஃப்யூரோசமைடு இருக்கிறதா, கடைசியாகப் பார்த்த பொட்டாசியம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். சிறுநீரோடு பொட்டாசியம் வெளியேறிக் குறையக் குறைய, டிகாக்சின் வழக்கமான அளவிலேயே நஞ்சாகத் தொடங்கும். பசியின்மையும் குமட்டலும் அதன் ஆரம்ப அறிகுறிகள் என்பதால், அறுவை முடிந்தவருக்கு வரும் சாதாரண வாந்தி என்று அவற்றைத் தள்ளிவிடுவது எளிது.

எல்லா மருந்துகளுக்கும் ஒரே அளவு அச்சம் தேவையில்லை. உங்கள் வார்டில் நான் முதலில் அஞ்சச் சொல்வது பொட்டாசியம் குளோரைடு, இன்சுலின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிநிவாரணி ஆகிய நான்குக்குத்தான், ஏனென்றால் இவற்றில் நடக்கும் பிழையைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு.

பொட்டாசியம் குளோரைடு பெரும்பாலும் 15 சதவீதச் செறிவில், 10 மி.லி. ஆம்ப்யூலாக வருகிறது, ஒரு ஆம்ப்யூலில் 20 மில்லிஈக்விவலன்ட் பொட்டாசியம் இருக்கும். அதை நேரடியாக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் அதைச் சேர்த்துவிட்டுக் கலக்காமல் விடுவதும் ஏறக்குறைய அதே ஆபத்துதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மருந்து அடியில் தங்கி, முதல் சில நிமிடங்களிலேயே செறிவு மிகுந்த கரைசலாக இறங்கிவிடும். பாட்டிலைக் கழற்றி, மருந்தைச் சேர்த்து, பலமுறை தலைகீழாகப் புரட்டிக் கலந்து, லேபிள் ஒட்டிய பிறகே மாட்டுங்கள். மானிட்டர் இல்லாத வார்டில், கையிலுள்ள வென்ஃப்ளான் (நரம்பில் பொருத்திய சிறு குழாய்) வழியாக மணிக்கு 10 மில்லிஈக்விவலன்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது பொதுவான வரம்பு. அறுவை முடிந்து வந்தவருக்கு மணிக்கு 30 மி.லி. சிறுநீராவது வருகிறதா என்று யூரின் பையைப் பாராமல் தொடங்கவே வேண்டாம். இந்த ஆம்ப்யூல்களை ஸ்டெரைல் வாட்டர் ஆம்ப்யூல்களோடு ஒரே தட்டில் வைக்கும் பழக்கம் உங்கள் வார்டில் இருந்தால், பொறுப்புச் செவிலியரிடம் சொல்லி இன்றே பிரித்து வையுங்கள்.

இன்சுலினில் குழப்பம் செறிவில் தொடங்குகிறது. நம் நாட்டில் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட். பேனாவும் அதன் கார்ட்ரிட்ஜும் ஒரு மி.லி.க்கு 100 யூனிட். நீண்டநேரம் வேலை செய்யும் சில இன்சுலின்கள் குப்பியிலேயே 100 யூனிட்டாக வருகின்றன. சிவப்பு மூடிச் சிரிஞ்சு 40-க்கும், ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு 100-க்கும் உரியவை. நோயாளி வீட்டிலிருந்து பேனாவைக் கொண்டுவந்திருக்கிறார், அதற்கான ஊசி தீர்ந்துபோய்விட்டது என்று வையுங்கள். அவசரத்தில் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே வருவது கால் மி.லி.; அது 10 யூனிட் அல்ல, 25 யூனிட். மாறாக, 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடியில் அதே கோடு வரை இழுத்தால் கிடைப்பது 4 யூனிட் மட்டுமே. குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். முடிந்தால் இன்னொரு செவிலியரும் தனியாகப் படிக்கட்டும். அடுத்தது சாப்பாடு. ரெகுலர் இன்சுலின் உணவுக்கு அரைமணி முன்பு போடப்படுவது. சாப்பாட்டு வண்டி வழக்கமாகத் தாமதமாகும் மருத்துவமனையில் கடிகாரத்தைப் பார்த்து ஊசி போடுவதைவிட, தட்டு எங்கே இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போடுவது நல்லது. என்.பி.ஓ. (வாய்வழி எதுவும் கொடுக்காமல்) வைத்திருப்பவருக்கு வழக்கமான டோஸைப் போடும் முன் கேட்டே ஆக வேண்டும். அவர் டைப் 1 சர்க்கரை நோயாளி என்றால், நீங்களாக முழுவதையும் நிறுத்திவிடுவதும் ஆபத்து. மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்குச் சர்க்கரை தாழும்போது படபடப்பும் நடுக்கமும் மறைந்துபோகலாம், வியர்வை மறையாது. ஆகவே வியர்த்திருந்தால் மின்விசிறியைக் கூட்டும் முன் குளுக்கோமீட்டரை எடுங்கள். கடலோர ஊரின் புழுக்கத்தில் வியர்வையை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதாலேயே இதைச் சொல்கிறேன்.

ஹெப்பாரின் 5 மி.லி. குப்பி இரண்டு வகையில் வருகிறது: ஒன்றில் மொத்தம் 5,000 யூனிட், மற்றொன்றில் 25,000. அளவு ஒன்றே என்பதால், மி.லி. கணக்கில் மட்டும் நினைவு வைத்திருப்பவர் ஐந்து மடங்கு தவறிவிடுவார். அதே வகையைச் சேர்ந்த எனோக்சபாரின் என்றால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினைப் பாருங்கள். அந்த மருந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது. முதுகில் எபிடியூரல் கதீட்டர் (வலிமருந்து செலுத்தும் குழாய்) இருப்பவருக்கு அந்தக் குழாயை எடுக்கும் நேரத்தையும் ஊசியின் நேரத்தையும் மயக்க மருந்து மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். மார்ஃபின், ஃபென்டனில் கொடுத்தவரிடம் மூச்சு எண்ணிக்கை குறைவதற்கு முன்பே தூக்கக் கலக்கம் கூடும். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகுகிறவரை, வலி தணிந்து தூங்குகிறார் என்று விட்டுவிடாதீர்கள்.

மருந்து எதனோடு, எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதை ட்ராலியிலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். வலிப்பு மருந்தான ஃபெனிடாயின் டெக்ஸ்ட்ரோஸில் திரிந்துவிடும், நார்மல் சலைனில் மட்டுமே கலக்க வேண்டும், நிமிடத்துக்கு 50 மி.கி.யைத் தாண்டக் கூடாது. ஆன்டிபயாட்டிக்கான வான்கோமைசின் நிமிடத்துக்கு 10 மி.கி.யைத் தாண்டக் கூடாது, அதாவது 1 கிராம் 100 நிமிடத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும். இன்னொரு ஆன்டிபயாட்டிக்கான செஃப்ட்ரியாக்சோனும் கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட்டும் ஒரே வழியில் ஒருசேரப் போகக் கூடாது.

உங்கள் ஊருக்கே உரிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். புதுச்சேரியில் பிள்ளைகள் பிரான்சில் இருக்கும் குடும்பங்களும், பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் முதியவர்களும் நிறைய. அவர்களின் தலையணைப் பையில் பிரெஞ்சு லேபிளோடு மருந்துப் பெட்டிகள் இருக்கும். டோலிப்ரான் என்பது நம் பாராசிட்டமால்தான். அதைத் தாமாகப் போட்டுக்கொள்பவருக்கு வார்டில் பாராசிட்டமால் இன்ஃப்யூஷனும் ஓடினால், ஒரு நாளைக்கு 4 கிராம் என்ற உச்சவரம்பு யாருக்கும் தெரியாமல் கடந்துபோகும். கார்டெஜிக் பொட்டலத்தில் வரும் தூள் என்பதால் உப்புக் கரைசல் போலத் தோன்றும், அது ஆஸ்பிரின். பிரெவிஸ்கான் வார்ஃபரின் போன்று இரத்தம் உறைவதைத் தடுப்பது. அறுவைக்கு முன் இவற்றை அறியாமல் விட்டால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆகவே அட்மிஷன் அன்று, “வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, ஐயா?” என்று கேட்பதோடு நிற்காமல், “பையில் இருப்பதையெல்லாம் கொஞ்சம் எடுத்துக் காட்டுங்கள்” என்று சொல்லுங்கள். டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் தென்பட்டால் உடனே தெரிவியுங்கள். திட்டமிட்ட அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தப்பட வேண்டியவை அவை. நிறுத்தாவிட்டால் இரத்தச் சர்க்கரை பெரிதாக உயராமலேயே கீட்டோஅசிடோசிஸ் (இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து நிலை) வரக்கூடும். குளுக்கோமீட்டர் மட்டும் அதைக் காட்டிக்கொடுக்காது.

டூட்டி டாக்டரிடம் கேட்பதைப் பற்றி: “சார், இந்த மருந்தைக் கொடுக்கட்டுமா?” என்று மட்டும் கேட்டால், “சார்ட்டில் இருப்பதைக் கொடுங்கள், சிஸ்டர்” என்ற பதிலே பெரும்பாலும் வரும். கண்டதைச் சொல்லி, செய்திருப்பதையும் சொல்லிக் கேளுங்கள். “சார், எட்டாம் கட்டில், நேற்று ஹெர்னியா ஆபரேஷன் ஆனவர். நாடி 48, பி.பி. 96/60, தலை சுற்றுகிறது என்கிறார். காலை மெட்டோப்ரோலால் 50 கொடுக்காமல் வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து பார்க்கிறீர்களா?” என்றால், கேட்பவர் உங்கள் தயக்கத்தை அல்லாமல் நோயாளியைப் பற்றி யோசிப்பார். தொலைபேசியில் அளவு சொன்னால் அதைத் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். ஃபிஃப்டீனா (15) ஃபிஃப்டியா (50) என்ற ஐயம் எழுந்தால், ஒன்று ஐந்து, ஐந்து பூஜ்யம் என்று இலக்கமாகச் சொல்லுங்கள். பதில் திருப்தியளிக்காவிட்டால் பொறுப்புச் செவிலியர் வழியாக மேல் மருத்துவரை அழைப்பது உங்கள் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட. நிறுத்திவைத்த டோஸின் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். நேரம், காரணம், யாரிடம் தெரிவித்தீர்கள், அவர் என்ன சொன்னார் என்பவற்றை எழுதிக் கையொப்பமிடுங்கள். வெற்றுக் கட்டத்தைப் பார்க்கும் அடுத்த ஷிஃப்ட் செவிலியர், மறந்துவிட்டார்கள் என்று நினைத்து அந்த மாத்திரையைக் கொடுத்துவிடக்கூடும்.