நேரமின்மையா, கசப்பா?

கேள்வி: கல்யாணிலிருந்து தினமும் லோக்கல் ரயிலில் மும்பை சி.எஸ்.எம்.டி. ரயில் முனையத்துக்கு வந்து வேலைக்குப் போகிறேன். விடியுமுன் கிளம்பினால் இரவுதான் வீடு. ஊரில் தவறாமல் செய்துவந்த அதிகாலை ஜெபமும் வெள்ளிக்கிழமை உபவாசமும் நின்றுபோயின. சொத்துப் பிரிவினைக்குப் பிறகு அண்ணனோடு பேச்சில்லை. அது வேறு விஷயம். தேவகிருபை என்னைவிட்டு விலகிவிட்டதோ என்று பயப்படுகிறேன். மாதம் ஒருமுறை முழு இரவு ஜெபத்துக்குப் போனால் சரியாகுமா?
— ஒரு வாசகர், கல்யாண்

பதில்: சகோதரரே, முழு இரவு ஜெபத்துக்குத் தாராளமாகப் போங்கள், ஆனால் விட்டுப்போன அதிகாலைகளுக்கு ஈடுகட்டும் எண்ணத்தோடு போகாதீர்கள். "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்" என்று ரோமர் 4ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். இயேசு சொன்ன உவமையில், வாரத்தில் இரண்டுதரம் உபவாசித்த பரிசேயன் அப்படிப்பட்ட கணக்கோடுதான் தேவாலயத்துக்குப் போனான். நீதிமானாக்கப்பட்டு வீடு திரும்பியவனோ, மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் கேட்ட ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன்.

நேரமின்மை கிருபைக்குத் தடையல்ல. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரக் கார்மேல் மடமொன்றின் சமையலறையில் உழைத்த சகோதரர் லாரன்ஸ், ஜெபவேளை வேறு, வேலைநேரம் வேறு என்று பிரிக்காமல் அந்தச் சந்தடியின் நடுவிலேயே தேவனோடு உறவாடினார். டோம்பிவிலியில் ஏறும் கூட்டம் நெருக்கித் தள்ளும்போதும் நின்றபடியே ஒரு சங்கீதத்தை மனதுக்குள் சொல்ல உங்களால் முடியும். பிழைப்புக்காக ஓடுகிறவர்களைக் குற்றவாளிகளாக உணரவைக்கும் பிரசங்கங்களை நான் ஒருபோதும் ஏற்பதில்லை.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது, "அது வேறு விஷயம்" என்ற வரியைத்தான். அது வேறு விஷயம் அல்ல. எபிரெயர் 12ஆம் அதிகாரம், "ஒருவனும் தேவனுடைய கிருபையை இழந்துபோகாதபடிக்கு" எச்சரிக்கையாயிருக்கும்படி சொல்லும் அதே வசனத்தில், தவறிப்போன ஜெபவேளையைக் குறித்துப் பேசாமல், முளைத்தெழும்பும் "கசப்பான வேர்" என்பதைக் குறித்தே பேசுகிறது. அதற்கு முந்தின வசனமோ யாவரோடும் சமாதானமாயிருக்க நாடச் சொல்கிறது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்ன ஆண்டவரும், தவறு யாருடையது என்று விசாரிக்கவில்லை. "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தாலே எழுந்து போகச் சொன்னார். திருவிருந்துக்கு அழைக்கும் நம்முடைய பழைய ஆராதனை முறையும், மனந்திரும்புதலோடு அயலானிடத்தில் அன்பாயிருப்பதையும் சேர்த்தே கேட்கிறது. கிருபை உங்களைவிட்டு விலகவில்லை. அது உள்ளே வருவதற்கான வழியைத்தான் நீங்கள் அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் பங்கை விட்டுக்கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பத்திர விவகாரம் நியாயமான வழியில் தொடரட்டும். நியாயம் கேட்பதும் மன்னிப்பதும் ஒரே மனிதனிடத்தில் சேர்ந்திருக்கக் கூடியவையே. ஆனால் இந்த ஞாயிறு ஆராதனைக்குப் போகுமுன் அண்ணனுக்குப் போன் செய்யுங்கள். நிலத்தைப் பற்றிப் பேசாமல், அவர் சுகத்தையும் பிள்ளைகளின் படிப்பையும் விசாரியுங்கள். அவர் எடுக்காவிட்டால் மறுவாரமும் அழையுங்கள். முழு இரவு ஜெபத்துக்குப் போகும்போது முதல் விண்ணப்பமாக அவர் பெயரைச் சொல்லுங்கள்.