6 வோல்ட் யெஸ்டியில 12 வோல்ட் டிராக்கரும் போன் சார்ஜரும் போடலாமா? போடலாம், ஆனா போர்டு வாங்குறதுக்கு முன்னாடி வயரைப் பாருங்க

ஓடும் தம்பி. பழைய 6 வோல்ட் யெஸ்டி பைக்கை ரெடி பண்ணிட்டேன், 12 வோல்ட் ஜிபிஎஸ் டிராக்கரும் போன் சார்ஜரும் மாட்டணும், ஆன்லைன்ல நூறு நூத்தம்பது ரூபாய்க்கு விக்கிற, 6 வோல்ட்டை 12 ஆக்கிக் குடுக்குற பூஸ்ட் போர்டு தாங்குமானு கேட்டிருக்கீங்க. இந்தக் கேள்வியை எங்க கேட்டாலும் ரெண்டே பதில்தான் வரும், ஒண்ணு "வண்டி எரிஞ்சிடும் தொடாத", இன்னொண்ணு "மொத்தத்தையும் 12 வோல்ட்டுக்கு மாத்திடு". ரெண்டும் பாதிக்கு மேல தப்பு. திண்டுக்கல்ல ஆட்டோ எலக்ட்ரிக் கடை வச்சிருக்கேன், பழைய ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத், 6 வோல்ட் புல்லட் இதெல்லாம் இன்னும் என்கிட்டதான் வருது, அதனால இதை எழுதியே ஆகணும்னு உக்காந்திருக்கேன். நான் இன்ஜினியரிங் படிச்சவன் இல்ல, எலக்ட்ரானிக்ஸ் படிச்சவங்க வார்த்தையில குறை கண்டுபிடிக்கலாம், ஆனா மீட்டர் வச்சுப் பாத்ததைத்தான் எழுதுறேன்.

முதல்ல அந்த போர்டு என்ன பண்ணுதுனு தெரிஞ்சுக்கணும். ஒரு காயிலுக்குக் கரண்ட் குடுத்து டக்குனு கட் பண்ணா அந்தக் காயில் வோல்டேஜை எகிற விடும், அதைத் திரும்பி வர விடாத ஒரு டயோடு வழியா, தேக்கி வைக்கிற கண்டென்சர்ல பிடிச்சு வச்சுக்கிறது, அவ்வளவுதான். உங்க யெஸ்டியில காயிலுக்குப் போற கரண்டை வெட்டுற பாயிண்ட் திறக்குறப்ப இக்னிஷன் காயில் பிளக்ல ஸ்பார்க் அடிக்குதே, அதுக்கும் அடிப்படை இதேதான். அங்க பாயிண்ட் பண்ற வேலையை இங்க ஐசிங்கிற ஒரு சின்ன சிப் பண்ணுது, எக்ஸ்எல் 6009னு வர்ற ஐசி செகண்டுக்கு 4 லட்சம் தடவை திறந்து மூடும். புது விஷயமும் கிடையாது, 1930கள்ல கார்ல வால்வு ரேடியோ வந்தப்பவே 6 வோல்ட் பேட்டரியில இருந்து 200 வோல்ட்டுக்கு மேல வேணும்னு வைப்ரேட்டர்னு ஒண்ணு வச்சு டிசியை வெட்டி வெட்டி டிரான்ஸ்பார்மர்ல ஏத்திருக்காங்க, எனக்குத் தொழில் சொல்லிக்குடுத்த அண்ணன் அந்த வைப்ரேட்டரைக் கையில வச்சுக் காமிச்சிருக்கார், காதுகிட்ட வச்சா கொய்ங்னு சத்தம் கேக்கும்.

ஆனா வோல்டேஜ் ஏறுதுனா கரண்டு சும்மா வராது. 12 வோல்ட் 1 ஆம்பியர் வெளிய எடுத்தா 12 வாட், போர்டுலயே கொஞ்சம் சூடாப் போயிடும், 85 சதவீதம் தேறும்னு வச்சுக்கிட்டாலும் உள்ள 14 வாட் போகணும், 6 வோல்ட்ல அது 2.3 ஆம்பியருக்கு மேல. பேட்டரி 5 வோல்ட்டுக்கு இறங்கிட்டா 2.8 ஆம்பியர். இதை நல்லா மனசுல வாங்கிக்கோங்க, சாதாரண பல்பு வோல்டேஜ் குறைஞ்சா மங்கும், கரண்டும் குறைவா இழுக்கும். இந்த போர்டு அப்படி இல்ல, பேட்டரி இறங்க இறங்க அதிகமா இழுக்கும், அதிகமா இழுக்க இழுக்க பேட்டரி இன்னும் இறங்கும், வட்டி கட்ட முடியாம வட்டிக்கே கடன் வாங்குறவன் கதைதான். 6 வோல்ட் வண்டியில நடக்குற பிரச்சினையில முக்கால்வாசி இங்கதான் ஆரம்பிக்குது, பழி மட்டும் போர்டு மேல விழுது.

இப்ப என்கிட்ட வந்த வண்டியைப் பத்தி சொல்றேன். பழனி பக்கம் ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், யெஸ்டி 250, வாங்கின நாள்ல இருந்து அவர் ஒருத்தர்தான் ஓட்டுறார். வயசாகிடுச்சு, அங்கங்க வழி மறந்துபோக ஆரம்பிச்சிருக்கு, வண்டியை விடச் சொன்னா விட மாட்டேங்குறார். சிங்கப்பூர்ல இருக்குற மக ஒரு டிராக்கர் வாங்கி அனுப்பி, உள்ளூர்ல ஒரு பையன் பூஸ்ட் போர்டு வச்சு மாட்டிக் குடுத்திருக்கான். அதுல இருந்து பிரச்சினை. சாயங்காலம் ஆச்சுனா மக போனுக்கு "பவர் கட்"னு அலர்ட் போகுது, அவங்க பதறிப்போய் அப்பாவுக்குப் போட்டா வண்டி ஓட்டிக்கிட்டிருக்கிறவர் எடுக்க மாட்டார், பக்கத்து வீட்டுக்குப் போட்டு, அவங்க தேடிப் போக, சார் நிம்மதியா டீக்கடையில உக்காந்திருப்பார். இது திரும்பத் திரும்ப நடந்து குடும்பத்துல பெரிய சண்டை. போர்டை ரெண்டு தடவை மாத்தியும் அதே கதை.

சார் வண்டியை எடுத்துட்டு வந்தப்ப பகல், எல்லாம் சரியா வேலை செஞ்சது. நான் ஹெட்லைட்டைப் போட்டு பிரேக்கையும் மிதிக்கச் சொல்லிட்டு மீட்டரை வச்சேன். பேட்டரி முனையில 6 வோல்ட், போர்டோட இன்புட்ல 4.7. ஒண்ணேகால் வோல்ட்டுக்கு மேல நடுவுல காணோம். 12 வோல்ட் வண்டியா இருந்தா இந்த இழப்பு பெருசாத் தெரியாது, 6 வோல்ட்ல அஞ்சுல ஒரு பங்கே போச்சு. எக்ஸ்எல் 6009க்கு குறைஞ்சது 5 வோல்ட் இன்புட் வேணும், அதுக்குக் கீழ போனா அது என்ன பண்ணும்னு நம்ப முடியாது, டிராக்கர் செத்து செத்து எந்திரிச்சிருக்கு. சாயங்காலம் லைட் போட்டா மட்டும் அலர்ட் போனதுக்குக் காரணம் இதுதான். பையன் போர்டுக்கான லைனை சாவி சுவிட்சுக்கு அப்புறம், ஹெட்லைட் போற அதே பழைய வயர்ல இருந்து எடுத்திருந்தான், எர்த்தை, அதாவது நெகட்டிவ் வயரை, பெயிண்ட் அடிச்ச பிரேம்ல ஒரு போல்ட்டுக்கு அடியில சொருகி வச்சிருந்தான். சாவி சுவிட்சுக்குள்ள காண்டாக்ட் எல்லாம் கறுத்துக் கிடந்துச்சு.

பேட்டரியில இருந்தே தனி லைன் இழுத்தேன், பேட்டரி பக்கத்துலயே பியூஸ், எர்த்தும் தனி வயர்ல நேரா பேட்டரி நெகட்டிவ்க்கு. 1.5 ஸ்கொயர் எம்எம் வயர், முறுக்கி டேப் சுத்தாம லக் வச்சு அமுக்கினேன். போர்டோட அவுட்புட்ல 2200 மைக்ரோபாரட் 25 வோல்ட் கண்டென்சர் ஒண்ணு சேத்தேன், ஏன்னா டிராக்கர்ல இருக்குற 2ஜி மோடம் சிக்னல் அனுப்புறப்ப துண்டு துண்டா இழுக்கும், அரை மில்லி செகண்ட் அளவுக்கு ஒவ்வொரு துண்டு, மோடம் முனையில அது 2 ஆம்பியர் வரைக்கும் போகும். பிரேக் லைட்டை 6 வோல்ட் எல்இடிக்கு மாத்தினேன். அதே பழைய போர்டுதான், புதுசு கூட வாங்கல. அதுக்கப்புறம் அலர்ட் வரல, சாரோட மக எனக்கே போன் பண்ணி நன்றி சொன்னாங்க. எனக்கு அது பெரிய சந்தோஷம், மறைக்க என்ன இருக்கு.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், கேள்விக்கு சம்பந்தம் இல்லைனாலும் மனசுல கிடக்குது. அன்னைக்கு சார்கூட வந்த சொந்தக்காரர் ஒருத்தர், "போர்டு கூட மாத்தல, வயர் அம்பது ரூபா, இதுக்கு எதுக்கு இவ்வளவு கூலி"னு கடையில எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டார். சார் அவரை அதட்டி உக்கார வச்சு காசைக் குடுத்துட்டுப் போனார், அது வேற. ஆனா இது தினமும் நடக்குது. பொருளை மாத்தினா காசு குடுக்குறாங்க, கோளாறு எங்கனு கண்டுபிடிச்சா குடுக்க மனசு வரல. அதனாலதான் நிறைய கடையில நல்ல பொருளையும் கழட்டிப் போட்டுப் புதுசு மாட்டி பில் போடுறாங்க, அவங்களை மட்டும் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம். ஐடிஐ முடிச்ச பசங்க எங்ககிட்ட நிக்க மாட்டேங்குறாங்க, திருப்பூர், ஓசூர்னு கம்பெனிக்குப் போயிடுறாங்க, போகட்டும், மாசம் பொறந்தா சம்பளம் வரும். ஆனா இன்னும் பத்து வருஷத்துல 6 வோல்ட் வயரிங்ல எங்க வோல்டேஜ் போகுதுனு மீட்டர் வச்சுத் தேடுற ஆள் இந்த ஊர்ல யார் இருப்பாங்கனு நிஜமாவே கவலையா இருக்கு.

சரி, உங்க வண்டிக்கு வர்றேன். உங்க ரெண்டு தேவையையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க. வண்டி ஓடுறப்ப டிராக்கர் பெரும்பாலும் சராசரியா 1 வாட் பக்கம்தான் இழுக்கும், அது ஒரு சுமையே இல்ல. டிராக்கர் மேல ஒட்டியிருக்குற ஸ்டிக்கரையும் படிங்க, சிலது 9 வோல்ட்ல இருந்துதான் எடுக்கும், சிலது 6ல இருந்தே எடுக்கும், எடுத்தாலும் உங்க வண்டியில 6க்குக் கீழ அடிக்கடி போகும்கிறதால பூஸ்ட் நல்லதுதான். போன் சார்ஜர்தான் கனமானது. 5 வோல்ட் 2 ஆம்பியர்னா 10 வாட், அதை 6ல இருந்து 12க்கு ஏத்தி, கார் சார்ஜர் போட்டு மறுபடி 5க்கு இறக்கினா ரெண்டு இடத்துலயும் இழப்பு. அதுக்கு 12 வோல்ட்டே வேணாம். ஏத்தவும் இறக்கவும் செய்யுற பக்-பூஸ்ட் போர்டுனு தனியா வருது, எக்ஸ்எல் 6009லயே ரெண்டு காயில் வச்சது கிடைக்கும், சென்னையில ரிச்சி தெருவுல கேட்டாலே குடுப்பாங்க. அதை 5 வோல்ட்டுக்கு செட் பண்ணி யூஎஸ்பி சாக்கெட்டுக்குக் குடுங்க, இந்த லைன் மட்டும் சாவி போட்டாதான் வர்ற மாதிரி 6 வோல்ட் ரிலே வழியா. சாதா பூஸ்ட் போர்டுல இதைப் பண்ணக் கூடாது, ஏன்னா பூஸ்ட்டுக்கு வோல்டேஜை இறக்கத் தெரியாது, உள்ள வர்றது அதிகமாச்சுனா காயில், டயோடு வழியா அப்படியே வெளிய போயிடும். சார்ஜிங்ல 6 வோல்ட் பேட்டரி 7க்கு மேல போகும், அது நேரா போனுக்குப் போச்சுனா போன் காலி.

இதே காரணத்தாலதான் பேட்டரியே இல்லாத மேக்னெட்டோ வண்டி, பழைய லாம்ப்ரெட்டா, பழைய டிவிஎஸ் 50 மாதிரி வண்டிக்கு இந்த யோசனை அப்படியே பொருந்தாது. அங்க வர்றது ஏசி, ஆக்சிலேட்டர் திருகினா வோல்டேஜ் எங்கயோ போகும். ஏசியை டிசி ஆக்குற ரெக்டிபயரும் வோல்டேஜைக் கட்டுக்குள்ள வைக்கிற ரெகுலேட்டரும் போட்டு ஒரு பேட்டரியையும் வச்சப்புறம்தான் போர்டைப் பத்தியே பேசணும்.

பியூஸ் கண்டிப்பா வேணும், இதுல பேரமே கிடையாது. சாதா பூஸ்ட் போர்டுல அவுட்புட் ஷார்ட் ஆனா ஐசியால கட் பண்ண முடியாது, பேட்டரியில இருந்து காயில், டயோடு வழியா நேரா பாதை திறந்தே இருக்கு. எரிஞ்சிடும்னு சொல்றவங்க எங்கயோ பாத்த தீ இப்படித்தான் வந்திருக்கும், பியூஸ் இல்லாம பெட்ரோல் டேங்குக்கு அடியில கட்டி வச்சிருப்பாங்க. உங்களுக்கு மொத்தம் 5 ஆம்பியர் பியூஸ் போதும்.

போர்டு மேல எழுதியிருக்குற 4 ஆம்பியரை நம்பி வாங்காதீங்க, அது உள்ள இருக்குற சுவிட்சோட உச்ச அளவு, வெளிய கிடைக்கிறது இல்ல. 6ல இருந்து 12க்கு ஏத்துறப்ப 1 ஆம்பியருக்குள்ள வச்சுக்கிட்டா ரொம்ப நாள் உழைக்கும். எம்டி 3608னு ரொம்பச் சின்னதா ஒண்ணு வரும், 2 வோல்ட்ல இருந்தே வேலை செய்யும், டிராக்கர் ஒண்ணுக்கு மட்டும்னா அதுவே போதும், 6 வோல்ட் வண்டிக்கு அது நல்ல துணை. ஆனா அதுல இருக்குற திருகு பத்து சுத்துக்கு மேல சுத்துற வரைக்கும் சிலசமயம் வோல்டேஜ் அசையவே அசையாது, போர்டு போச்சுனு தூக்கிப் போட்டுடாதீங்க. டிராக்கரை இணைக்குறதுக்கு முன்னாடி மீட்டர்ல 12 வச்சுட்டு, திருகு மேல ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விடுங்க, வண்டி அதிர்வுல திரும்பிடும்.

டைனமோவையும் யோசிக்கணும். ஜாவா 250ல இருந்த டைனமோ 6 வோல்ட் 45 வாட்தான், உங்களோடது கொஞ்சம் கூடவே இருந்தாலும் ராத்திரி ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் இக்னிஷன் காயிலும் எடுத்தது போக மிச்சம் ரொம்ப இருக்காது, ஐடிலிங்ல மொத்தமும் பேட்டரிதான் குடுக்கும். ராத்திரி ஓட்டுறப்ப போன் சார்ஜ் போடாதீங்க. நிறுத்தி வைக்குறப்பவும் போர்டும் டிராக்கரும் சேந்து 20 மில்லி ஆம்பியர் இழுத்தா ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-அவர் போயிடும், 4 ஆம்பியர்-அவர் பேட்டரினா ஒரு வாரம் எடுக்காம விட்டா வண்டி கிளம்பாது. 5.25க்குக் கீழ இறங்கினா கட் ஆகுற சின்ன போர்டு ஒண்ணு முன்னாடி சேத்துடுங்க, இல்லைனா பேட்டரி சல்பேட் ஏறி வீணாப் போகும்.

12 வோல்ட்டுக்கு மாத்துனு சொல்றவங்களோட எனக்கு சண்டை இல்ல. தினமும் ராத்திரி ஹைவேல ஓட்டுறவர்னா நானே மாத்திக் குடுப்பேன். ஆனா அதுக்கு டைனமோ, ரெகுலேட்டர், இக்னிஷன் காயில், ஹாரன், எல்லா பல்பும்னு போயிட்டே இருக்கும். மைசூர்ல 1960கள் தொடக்கத்துல ஆரம்பிச்ச, உங்க யெஸ்டியைச் செஞ்ச ஐடியல் ஜாவா கம்பெனி 1996ல மூடிட்டாங்க, அந்த ஒரிஜினல் சாமான் இப்ப சுலபத்துல கிடைக்குறது இல்ல, ஒரு டிராக்கருக்காக அதைக் கழட்டி எறியச் சொல்றது எனக்குப் பிடிக்கல.

கடைசியா ஒண்ணு, வயரைத் தொடுறதுக்கு முன்னாடி பேட்டரியோட எந்த முனை பிரேமுக்குப் போகுதுனு மீட்டர் வச்சுப் பாருங்க. பழைய பிரிட்டிஷ் டைப் வண்டியில பாசிட்டிவ் எர்த் உண்டு, முன்னாடி யாராவது வயரிங் மாத்தியிருந்தா உங்க வண்டியிலயும் எது வேணா இருக்கலாம். இந்த போர்டுல இன்புட் நெகட்டிவும் அவுட்புட் நெகட்டிவும் ஒண்ணுதான், பாசிட்டிவ் எர்த் வண்டியில யூஎஸ்பி சாக்கெட்டோட இரும்புக் கூடு வண்டி பிரேம்ல பட்டாலே ஷார்ட். அப்படி இருந்தா இன்புட்டும் அவுட்புட்டும் தனித்தனியா பிரிஞ்ச ஐசோலேட்டட் வகைதான் வாங்கணும், விலை கூட. பாத்துட்டு பேட்டரி பெட்டி, சாவி சுவிட்சு ரெண்டையும் போட்டோ எடுத்துப் போடுங்க, லைனை எந்த வழியா கொண்டு போறதுனு சொல்றேன்.