மாமனார் அமெரிக்க ராணுவத்துல இருந்தவர், ஆனா போருக்குப் போகல. அசிஸ்டட் லிவிங் (வயசானவங்களுக்கு அன்றாட வேலையில துணை இருக்கிற ஹோம்) செலவுக்கு வி.ஏ. (அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை) பணம் கிடைக்குமா?

கிடைக்கும். அதை முதல்ல சொல்லிடுறேன். உங்க மாமனார் 1967ல இருந்து 69 வரைக்கும் டெக்சாஸ் முகாம்லயே இருந்தார், வியட்நாம் பக்கமே போகல, அதனால ஒன்னும் வராதுன்னு வீட்டுக்காரர் சொல்றார்னு எழுதிருக்கீங்க. அதே வார்த்தைய எங்க வீட்லயும் சொல்லித்தான் ஒன்றரை வருஷம் வீணாப்போச்சு. கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 40,000 டாலர். அந்த வயித்தெரிச்சல்லதான் ராத்திரி பதினொரு மணிக்கு உக்காந்து இதை டைப் பண்றேன்.

நான் வக்கீல் இல்ல, வி.ஏ.ல வேலை பாக்கறவளும் இல்ல. ஒரு வீட்ல நடந்ததைச் சொல்றேன், அவ்ளோதான். எல்லாருக்கும் அப்படியே நடக்கும்னு சொல்ல வரல.

நாங்க இருக்கிறது ஒஹாயோல. என் வீட்டுக்காரர் இந்த ஊர்க்காரர். அவங்க அப்பாவை நான் முதல் நாள்ல இருந்தே மாமான்னுதான் கூப்பிடுவேன், அவரும் மாமான்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்கப் பழகிட்டார். 1932ல பொறந்தவர். இருபது வயசுல கட்டாய ராணுவ சேர்ப்புல கூப்பிட்டாங்க, 1952ல போய் 54ல திரும்பி வந்தார். கொரியாவுல சண்டை நடந்துட்டு இருந்த நேரம், ஆனா இவரை ஜெர்மனிக்கு அனுப்பி லாரி ரிப்பேர் பாக்க விட்டுட்டாங்க. திரும்பி வந்து ஃபேக்டரில முப்பது வருஷத்துக்கு மேல வேலை. அத்தை 2021ல போயிட்டாங்க. அடுத்த வருஷம் பாத்ரூம்ல ரெண்டு தடவை விழுந்தார், அதுக்கப்புறம் 2022 ஆகஸ்ட்ல அசிஸ்டட் லிவிங்ல சேத்தோம். மாசம் 4,800 டாலர். அவருக்கு வர்ற சோஷியல் செக்யூரிட்டி, அதாவது அரசாங்க ஓய்வூதியம், மாசம் 1,900. மீதி அவர் வீட்டை வித்த காசுல இருந்து மாசாமாசம் கரைஞ்சுது.

வி.ஏ.ல கேட்டுப் பாக்கலாம்னு நான் சொன்னப்பல்லாம் மாமா ஒரே பதில்தான் சொல்வார், "நான் போருக்கே போகலம்மா, அந்தக் காசு சண்டை போட்டவனுக்கு." வீட்டுக்காரரும் தலையாட்டிடுவார். இவங்க யாரும் விதியைப் படிக்கல, நானும் படிக்கல, அதான் உண்மை.

விதி என்ன சொல்லுதுன்னா, எய்ட் அண்ட் அட்டெண்டன்ஸ்னு வி.ஏ. பென்ஷனோட சேந்து வர்ற தொகைக்கு போர்முனையில நின்னிருக்கணும்னு அவசியமே இல்ல. உங்க மாமனார் காலத்துல சேந்தவங்களுக்கு 90 நாள் முழுநேர சர்வீஸ், அதுல ஒரே ஒரு நாளாவது போர்க்காலம்னு அவங்க குறிச்சிருக்கிற தேதிக்குள்ள வந்தா போதும், எங்க போஸ்டிங்னு பாக்கறதில்ல. கொரியாவுக்கு 1950 ஜூன் 27ல இருந்து 1955 ஜனவரி 31 வரைக்கும். வியட்நாம் போருக்கு, அங்க போகாதவங்களுக்கு, 1964 ஆகஸ்ட் 5ல இருந்து 1975 மே 7 வரைக்கும். உங்க மாமனார் ரெண்டு வருஷமும் இதுக்குள்ளதான் வர்றார். 65 வயசு ஆகிருக்கணும், இல்லன்னா நிரந்தரமா உடம்பு முடியாம இருக்கணும், கௌரவக் குறைவா டிஸ்சார்ஜ் ஆகிருக்கக் கூடாது, குளிக்க, டிரஸ் மாத்த இந்த மாதிரி அன்றாட வேலைக்கு இன்னொருத்தர் துணை தேவைப்படணும். அப்புறம் சொத்தும் வருமானமும் சேந்து ஒரு வரம்புக்குள்ள இருக்கணும், 2025ல அது 159,240 டாலரா இருந்துச்சு, குடியிருக்கிற வீடு அதுல சேராது. ஆனா வீட்டை வித்துட்டா அந்தக் காசு சேரும், இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க.

விதியைப் படிச்சுக் காட்டியும் மாமா ஒத்துக்கல. அன்னைக்கு எனக்கு எங்க அப்பா ஞாபகம்தான் வந்துச்சு. எங்க ஊரு வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை, ராணுவப்பேட்டைன்னே சொல்வாங்க, வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துல இருப்பாங்க. அப்பா பதினேழு வருஷம் சர்வீஸ், பாதிக்கு மேல ஸ்டோர்ஸ்ல கம்பளியும் பூட்ஸும் எண்ணிக் குடுத்த ஆளு. எதிரியை நேர்ல பாத்ததே இல்ல. அதுக்காக ஊர்ல யாராவது அவரை மிலிட்டரிக்காரர் இல்லைன்னு சொல்லிருப்பாங்களா? மாமா கைய புடிச்சுக்கிட்டு இதைத்தான் சொன்னேன். "எங்கப்பா குடுத்த பூட்ஸ போட்டுக்கிட்டுதான் மத்தவங்க எல்லைக்குப் போனாங்க, நீங்க ரிப்பேர் பண்ண லாரிலயும் யாரோ போயிருப்பாங்கல்ல மாமா." ரொம்ப நேரம் ஜன்னல் பக்கமே பாத்துட்டு இருந்தார். அப்புறம் எங்க கையெழுத்துப் போடணும்னு கேட்டார்.

அடுத்த பிரச்சனை பேப்பர். டிடி 214னு டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், அது இல்லாம ஒன்னும் நகராது. எங்கப்பா டிஸ்சார்ஜ் புக்க மஞ்சப்பையில சுத்தி டிரங்குப் பெட்டி அடியில வெச்சிருந்தார், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் எடுத்துக் குடுப்பார். மாமாகிட்ட எதுவும் இல்ல. செயிண்ட் லூயிஸ்ல ஆவணக் காப்பகத்துக்கு எழுதினோம், எரிஞ்சுபோச்சுன்னு பதில் வந்துச்சு. 1973 ஜூலை 12ல அங்க பெரிய தீ விபத்து, 1960க்கு முன்னாடி டிஸ்சார்ஜ் ஆன ஆர்மிக்காரங்க ரெக்கார்டுல நூத்துக்கு எண்பது போயிடுச்சு. உங்க மாமனார் 69ல வந்தவர், அவரோடது பத்திரமா இருக்கும், பயப்படாதீங்க.

எங்களுக்கு வழி சொன்னது கவுண்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வெட்டரன்ஸ் சர்வீஸ் ஆபீஸ்ல, அதாவது முன்னாள் வீரர்களுக்கு உதவுற ஆபீஸ்ல, இருந்த ஒரு அம்மா. ஒஹாயோல 88 கவுண்ட்டிலயும் இந்த ஆபீஸ் இருக்கு, ஒரு பைசா வாங்க மாட்டாங்க. அந்தக் காலத்துல ஊருக்குத் திரும்பின பசங்க நிறையப் பேர் டிஸ்சார்ஜ் பேப்பரை கவுண்ட்டி ரெக்கார்டர்கிட்ட (பத்திரம் பதியுற ஆபீஸ்) பதிஞ்சு வெப்பாங்க, அங்க போய் கேளுங்கன்னாங்க. போனோம். உள்ள போன கிளர்க் ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வந்தார் ஒரு பெரிய பைண்டிங் புக்கு, சிவப்புத் தோல் ஓரமெல்லாம் பொடிப்பொடியா உதிருது. 1954, நாலாவது வரி, மாமா பேரு. ஜெர்மனில இருந்து வந்து மூணு வாரத்துல பதிஞ்சிருக்கார். அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்துக் காட்டினப்ப மாமா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "எங்கம்மா கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனாங்க, தொலைச்சிடுவடான்னு"ன்னார். எழுபது வருஷம் கழிச்சு அந்தம்மாதான் பையனுக்குச் சோறு போட்டாங்கன்னு நான் நினைக்கிறேன்.

டாக்டர் நிரப்புற ஃபார்ம் 21-2680, இதுல கவனமா இருங்க. எங்களுக்கு முதல்ல நிரப்பிக் குடுத்தவர் மூட்டுவலி, பிரஷர்னு ரெண்டு வியாதி பேரை எழுதிக் கையெழுத்து போட்டுட்டார், ஏன்னா நம்மாளு டாக்டர் முன்னாடி நிமிந்து உக்காந்துக்கிட்டு எனக்கென்ன, நல்லாருக்கேன்னு சொல்லிட்டார். வியாதி பேரு மட்டும் போதாது, தனியா எதைச் செய்ய முடியலன்னு எழுதணும். நான் ஒருநாள் காலைல அவர் ரூம்ல உக்காந்து பாத்தேன், சட்டைல ஏழு பட்டன், நாலாவது பட்டன் வரைக்கும் போட இருபது நிமிஷம் ஆச்சு, விரல் நடுங்கி பட்டன் ஓட்டைக்குப் பக்கத்துல பக்கத்துல போய் வழுக்குது, என்னையும் தொட விடல. அதை அப்படியே டாக்டர்கிட்ட போய் சொன்னேன், ரெண்டாவது தடவை ஒழுங்கா எழுதிக் குடுத்தார்.

நடுவுல ஒரு ஆள். சர்ச் ஹால்ல முதியவங்களுக்கு இலவச சாப்பாடு போட்டு வி.ஏ. பணம் வாங்கித் தரேன்னு கூட்டம் போட்டார், சேமிப்பையெல்லாம் அவர் சொல்ற ஆனுவிட்டில (இன்சூரன்ஸ் கம்பெனில மொத்தமா பணத்தைக் கட்டுற திட்டம்) போடணுமாம், அப்ளிகேஷனுக்கு 1,800 டாலர் தனியா. நாத்தனார் செக் எழுதவே போயிட்டாங்க. முதல் தடவை அப்ளை பண்ண உதவி செஞ்சதுக்கு யாரும் காசு வாங்கக் கூடாதுன்னு இங்க சட்டமே இருக்கு. அதோட 2018 அக்டோபர்ல வந்த விதிப்படி, அப்ளை பண்றதுக்கு முன்னாடி மூணு வருஷத்துல சொத்தை யாருக்காவது மாத்தினீங்களான்னு வி.ஏ. பாக்குது, வரம்புக்குள்ள வரணும்னு சொத்தைக் கைமாத்தினா அஞ்சு வருஷம் வரைக்கும்கூட பணத்தை நிறுத்தலாம். வயசானவங்க பயத்தை வெச்சு சம்பாதிக்கிற இந்த மாதிரி ஆளுங்கள நினைச்சா இப்பவும் கை நடுங்குது எனக்கு.

எவ்ளோ வரும்னு கேட்டிருக்கீங்க. 2025ல துணை தேவைப்படுற தனி ஆளுக்கு வருஷம் 28,300 வரைக்கும், மனைவி இருந்தா 33,548, வீரரோட விதவைக்கு 18,187 டாலர்னு இருந்துச்சு, வரி கிடையாது. இது உச்சவரம்பு, இதுல இருந்து வருமானத்தைக் கழிச்சுத்தான் குடுப்பாங்க, ஆனா வருமானத்துல இருந்து முதல்ல பராமரிப்புச் செலவைக் கழிக்க விடுவாங்க. மாமாவுக்கு வருஷ வருமானம் 22,800, ஹோம் செலவு 57,600, அப்ப வருமானம் பூஜ்யம்னு ஆகிடுது, முழுத் தொகையும் வந்துடுச்சு. வெறும் சாப்பாடும் ரூமும் குடுக்கிற இண்டிபெண்டெண்ட் லிவிங்னா பொதுவா இப்படிக் கழிக்க முடியாது, பராமரிப்பு இருக்கணும். வி.ஏ. நேரா ஹோமுக்குக் கட்டாது, பணம் அவர் அக்கவுண்ட்டுக்குத்தான் வரும். எங்களுக்கு 2024 அக்டோபர்ல கைக்கு வந்துச்சு, மார்ச்ல இருந்து பாக்கி சேத்து, மாசம் 2,300. இன்னும் கையில இருந்து கொஞ்சம் போடறோம், ஆனா ராத்திரி தூக்கம் வருது.

"மாமனாரை ஹோம்ல தள்ளிட்டு அதுக்குக் காசு வேறயா"ன்னு கேக்கறவங்க இருப்பாங்க, ஊர்ல எங்க சித்தியே போன்ல கேட்டாங்க. ஆறடி மனுஷன் பாத்ரூம்ல விழுந்து கிடக்கிறப்ப நான் ஒருத்தியா தூக்க முடியாம தரையில அவர் பக்கத்துலயே உக்காந்து ஆம்புலன்ஸுக்காக அழுதது சித்திக்குத் தெரியாது. அங்க எங்கம்மாவுக்கு ஃபேமிலி பென்ஷன் வருது, வருஷாவருஷம் நவம்பர் ஆனா லைஃப் சர்டிபிகேட்டுக்கு கைரேகை விழலன்னு சென்டர் சென்டரா அலையுறாங்க, பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு ரேகையே அழிஞ்ச கை அது, ஆளு முன்னாடி நிக்கிறப்ப உயிரோட இருக்கிறதுக்கு இன்னும் என்ன சாட்சி வேணும்? இவ்ளோ பேசுற சித்தி அதுக்கு ஒருநாள் கூடப் போகல. சரி, அது வேற கதை.

உங்க விஷயத்துக்கு வர்றேன். பேப்பர் எல்லாம் சேரட்டும்னு காத்திருக்காதீங்க. இண்டெண்ட் டு ஃபைல்னு ஒரு ஃபார்ம் இருக்கு, 21-0966, அதை மட்டும் இந்த மாசமே போட்டுடுங்க. போட்ட தேதில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள 21பி-527ஈஇசட்ங்கிற முழு அப்ளிகேஷனைக் குடுத்தா போதும், பணம் அந்த முதல் தேதியை வெச்சுத்தான் கணக்காகும். கவுண்ட்டி ஆபீஸ்க்கு போறப்ப மாமனாரையும் கூட்டிட்டுப் போங்க, முடிஞ்சா வீட்டுக்காரரையும்.