94-ஐத் தாண்டாத இணைய வேகம்: வழக்கு கடைக்காரர் மீதா, இணைய நிறுவனத்தின் மீதா?

கேள்வி: நான் மதுரையில் வீட்டிலிருந்தபடியே திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். என்னிடம் வேலையாட்கள் யாரும் கிடையாது. ஆறு மாதங்களுக்கு முன்பு 300 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 300 மெகாபிட்) ஃபைபர் இணைப்பு வாங்கினேன். கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் வேகம் பார்த்தால் ஒருநாளும் 94-ஐத் தாண்டியதில்லை. நிறுவனத்தின் ஊழியர் வந்து, "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது, உங்கள் ரவுட்டர்தான் பழையது" என்றார். கடைக்காரரிடம் வாட்ஸ்அப்பில் விவரம் சொல்லி, "300 எம்பிபிஎஸ்ஸுக்குப் பொருத்தமான ரவுட்டர் எது?" என்று கேட்டேன். "இது ஜிகாபிட் ரவுட்டர் சார், தாராளமாகப் போதும்" என்று பதில் அனுப்பி, 2,650 ரூபாய்க்கு ஒன்றைக் கொடுத்தார். வேகம் மாறவில்லை. பிறகு, "மதர்போர்டில் உள்ள லேன் சரியில்லை" என்று சொல்லி மதர்போர்டையே மாற்றினார். அதற்கு 7,800 ரூபாய், கூலி 600 ரூபாய். பழைய மதர்போர்டையும் அவரே வைத்துக்கொண்டார். இன்றும் அதே 94. பணத்தைத் திரும்பக் கேட்டால் சுவரில் உள்ள பலகையைக் காட்டுகிறார்: "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது." ரவுட்டருக்குப் பில் இருக்கிறது. மதர்போர்டுக்கு எஸ்டிமேட் சீட்டு மட்டும்தான். நான் யார் மீது வழக்குத் தொடுப்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் 94 என்ற எண். வைஃபை வேகம் ஏறும், இறங்கும். காலையிலும் நள்ளிரவிலும் ஒரே 94 வருகிறது என்றால், வழியில் எங்கோ ஓர் இடம் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் விடாமல் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். 100 எம்பிபிஎஸ் லேன் இணைப்பில், தரவோடு சேர்ந்து பயணிக்கும் முகவரித் தகவல்களைக் கழித்தால் கையில் மிஞ்சுவது 94, 95தான். அந்த இடம் எது என்று காட்டினால் எதிர்மனுதாரர் யார் என்பது தானாக முடிவாகிவிடும். காட்டாமல் இரு தரப்பையும் சேர்த்து வழக்குப் போட்டால், உங்களிடம் வேறு பக்கம் கைகாட்டியதைப் போலவே நுகர்வோர் ஆணையத்திலும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள்.

நீங்கள் அனுப்பிய அட்டைப்பெட்டிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் "1200 எம்பிபிஎஸ்" என்று இருக்கிறது. அது இரண்டு வைஃபை அலைவரிசைகளின் உச்ச வேகத்தைக் கூட்டி, தோராயமாக்கிச் சொல்வது: 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867. கேபிள் செருகும் துளைகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தத் துளைகளைப் பற்றிய வரி பெட்டியின் பக்கவாட்டில், கடுகு அளவு எழுத்தில் இருக்கிறது: ஒரு 10/100 வேன் போர்ட் (இணையம் உள்ளே வரும் துளை), நான்கு 10/100 லேன் போர்ட் (கம்ப்யூட்டருக்குப் போகும் துளைகள்). ஜிகாபிட் என்றால் 1000 எம்பிபிஎஸ்; ஜிகாபிட் ரவுட்டராக இருந்தால் 10/100/1000 என்று அச்சிட்டிருப்பார்கள். ஆக, உங்களுக்கு ஜிகாபிட் என்று சொல்லி விற்கப்பட்ட பொருள் ஜிகாபிட் இல்லை. உலகத்தின் எந்த மதர்போர்டை மாற்றினாலும் அந்தத் துளை வழியே 300 வராது. ரவுட்டரை விற்றவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் 7,800 ரூபாய்க்கு மதர்போர்டை மாற்றியிருந்தால் அது சேவைக் குறைபாடு. தெரிந்தே மாற்றியிருந்தால் அதைவிட மோசம்.

ஆனாலும் அவசரப்படாதீர்கள். ரவுட்டரில் ஓர் அடைப்பு இருக்கிறது என்பதால் வேறெங்கும் அடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. பழைய ரவுட்டரிலும் இதே 94தான் வந்தது என்கிறீர்கள். எனவே ரவுட்டரை வழியிலிருந்து எடுத்துவிட்டு, சுவரில் இருக்கும் ஃபைபர் மோடத்திலிருந்து நேராகக் கம்ப்யூட்டருக்கு ஒரு கேபிளைப் போடுங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தேவைப்பட்டால் நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். கேபிளைச் செருகும் முன் அதன் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் முனைக்குள் எட்டு வண்ணக் கம்பிகளும் நுனிவரை வந்திருக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு கம்பிகளே போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலமோ பழுப்போ ஒன்று பாதியில் நின்றிருந்தாலும் வேகம் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். மோடத்தில் எந்தத் துளையில் செருகுகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். பல மோடங்களில் ஒரு துளை மட்டும் ஜிகாபிட், மற்றவை 100.

செருகிய பிறகு விண்டோஸின் நெட்வொர்க் அமைப்புகளில் ஈதர்நெட் பகுதியைத் திறந்தால் இணைப்பு வேகம் என்று ஒரு வரி இருக்கும். அதில் 1000/1000 என்று வந்து, வேகச் சோதனையும் 280, 290 காட்டினால், இணைய நிறுவனம் குற்றமற்றது. உங்கள் புதிய மதர்போர்டும் கேபிளும்கூட நன்றாக இருக்கின்றன. 100/100 என்று வந்தால் கேபிளையும் துளையையும் மாற்றி மீண்டும் பாருங்கள். 1000/1000 என்று வந்தும் வேகம் 94-லேயே நின்றால் அடைப்பு நிறுவனத்தின் பக்கம். 100 எம்பிபிஎஸ் திட்டத்திலேயே உங்களை வைத்திருக்கவும்கூடும். ஒவ்வொரு நிலையிலும் திரையையும், கேபிள் எந்தத் துளையில் இருக்கிறது என்பதையும் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். கடையோடும் இணைய நிறுவனத்தோடும் தொடர்பில்லாத வேறொரு டெக்னீஷியனை அழைத்து, அவர் கண்முன் இதைச் செய்து, ஒரு பக்கம் எழுதி வாங்கினால் இன்னும் நல்லது. பின்னாளில் அவரே பிரமாண வாக்குமூலம் கொடுக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. படங்களில் அலகு தெளிவாக இருக்கட்டும். கோப்பு இறங்கும்போது திரையில் "11 எம்பி" என்று வருவது மெகாபைட். எட்டு மெகாபிட் சேர்ந்தது ஒரு மெகாபைட். 300 மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் அங்கே 37 அளவில்தான் காட்டும். இந்தக் குழப்பத்தை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஆணையத்தில் எழுப்பினால், நல்ல வழக்கு வீணாகத் தடுமாறும்.

இனி சட்டம். கடைக்காரர் என்ன சொல்வார் என்று எனக்கு இப்போதே தெரியும்: "ரவுட்டர் கெட்டுப்போகவில்லை, பெட்டியில் 10/100 என்று அச்சிட்டிருக்கிறது, படித்துப் பார்த்து வாங்கியிருக்கலாம்." இதற்கான பதில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(10)-ல் இருக்கிறது. பொருள் எரிந்துபோவதோ உடைந்துபோவதோ மட்டும் அங்கே குறைபாடு இல்லை. சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய தரம் இல்லாமல் போனாலும், விற்பவர் எந்த விதத்திலாவது சொன்ன தரம் இல்லாமல் போனாலும் அது குறைபாடே. "எந்த விதத்திலாவது" என்பதில் வாட்ஸ்அப் செய்தியும் அடக்கம். உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆவணம் கடைக்காரர் அனுப்பிய அந்த ஒற்றை வரி. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 16(1) அதற்குத் துணை நிற்கிறது. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்குப் பொருந்தும் பொருளைக் கொடுக்கும் கடமை அவருக்கு உண்டு. நீங்களாகவே இன்ன கம்பெனியின் இன்ன மாடல் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தால் இந்த வாதம் பலவீனப்பட்டிருக்கும். நீங்கள் தேவையைச் சொன்னீர்கள், பொருளைத் தேர்ந்தெடுத்தவர் அவர்.

சுவர்ப் பலகைக்குச் சட்டத்தின் முன் மதிப்பில்லை. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும், பில்லில் சொன்ன காலத்துக்குள் பணத்தைத் தராமல் இருப்பதும், அப்படிக் காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் தராமல் இருப்பதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(47)-ன்படி முறையற்ற வணிக நடவடிக்கை. பில் தராததும் அதே பிரிவின் கீழ்தான் வருகிறது. எஸ்டிமேட் சீட்டு என்ற பழக்கத்தைப் பார்த்துப் பார்த்து நமக்கு அது தவறாகவே படுவதில்லை. உங்களுக்கு அது ஒரு கூடுதல் ஆயுதம். பணம் எப்படிக் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. யுபிஐ மூலம் என்றால் வங்கிக் கணக்கு அறிக்கையில் கடையின் பெயரும் தொகையும் இருக்கும். அந்தப் பக்கத்தை எடுத்து வையுங்கள்.

பழைய மதர்போர்டு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன். அது உங்கள் சொத்து. வேலைக்காக ஒப்படைத்த பொருளை, வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 160. எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டேன் என்று அவர் சொன்னால், அதற்கான தொகை சீட்டில் கழிக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் சீட்டில் அப்படி எதுவும் இல்லை. அந்த போர்டின் மாடல் எண் உங்களிடம் இருந்தால், தயாரிப்பாளர் வெளியிட்ட விவரத்தில் அதன் லேன் வேகத்தைப் பாருங்கள். ஜிகாபிட் என்று இருந்தால், மாற்ற வேண்டிய அவசியமே இல்லாத பாகத்தை மாற்றியிருக்கிறார் என்பது நிரூபணமாகும். பழைய, விலை குறைந்த சில போர்டுகளில் 100 மட்டுமே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்படியானால் மதர்போர்டு பற்றிய கோரிக்கையின் பலம் குறையும். இன்னொன்று: கம்ப்யூட்டருடன் வந்த விண்டோஸ் உரிமம் பழைய போர்டோடு கட்டுண்டதாக இருந்தால், போர்டு மாறியதும் அது செல்லாமல் போயிருக்கும். திரையில் ஆக்டிவேட் செய்யச் சொல்லும் வாசகம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்த இழப்பையும் கோரிக்கையில் சேர்க்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவியின் வழக்கு நினைவுக்கு வருகிறது. பழுதுபார்க்கக் கொடுத்த லேப்டாப்பில் இருந்த 16 ஜிபி ரேம், திரும்பி வந்தபோது 8 ஆகியிருந்தது. அவர் சொன்னது முழு உண்மை என்று எனக்கு இன்றும் நம்பிக்கை. ஆனால் கடை கொடுத்த சீட்டில் "லேப்டாப் 1" என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே என்ன இருந்தது என்பதைக் காட்ட ஒரு படம்கூட இல்லை. எங்களால் நிரூபிக்க முடியவில்லை. ஆகவே இனி கம்ப்யூட்டரைக் கடையில் கொடுக்கும் முன் பக்கவாட்டு மூடியைத் திறந்து, ரேம், எஸ்எஸ்டி, மதர்போர்டு ஆகியவற்றின் சீரியல் எண்களைப் படமெடுத்து, அவற்றைக் கடை கொடுக்கும் வேலைச் சீட்டில் (ஜாப் ஷீட்) எழுதச் சொல்லிக் கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

நீங்கள் வருமானத்துக்காக இதைப் பயன்படுத்துவதால் "நுகர்வோர் அல்ல, வணிகர்" என்ற ஆட்சேபம் வரலாம். சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(7)-ன் விளக்கம் சொல்கிறது. வேலையாட்கள் இல்லை, வீட்டில் நீங்கள் ஒருவரே செய்கிறீர்கள் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

முதலில் கடைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை, ஆனால் பாதித் தகராறுகள் அதிலேயே முடிகின்றன. மையப் பத்தி இப்படி இருக்கட்டும்: "300 எம்பிபிஎஸ் இணைப்புக்குப் பொருத்தமான ரவுட்டர் வேண்டும் என்று இன்ன தேதியில் வாட்ஸ்அப்பில் கேட்டேன். 'ஜிகாபிட் ரவுட்டர்' என்று தாங்கள் பதிலளித்து இன்ன சீரியல் எண்ணுள்ள ரவுட்டரை விற்றீர்கள். அதன் போர்ட்கள் 10/100 மட்டுமே. அந்தக் குறையை மறைத்து எனது மதர்போர்டை மாற்றி 8,400 ரூபாய் பெற்றீர்கள். 15 நாட்களுக்குள் மொத்தத் தொகை 11,050 ரூபாயையும் எனது பழைய மதர்போர்டையும் ஒப்படைத்து, தாங்கள் கொடுத்த இரு பொருட்களையும் திரும்பப் பெற்றுக்கொள்ளவும்." "மறைத்து" என்ற சொல்லில் சங்கடம் இருந்தால் "கவனிக்காமல்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். வழக்குக்கு அதனால் பாதகம் இல்லை. போலீசில் மோசடிப் புகார் கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். இந்தக் கட்டத்தில் வேண்டாம்.

பதில் வராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாக இணையத்திலும் தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். வாட்ஸ்அப் உரையாடலை முழுவதுமாக ஏற்றுமதி செய்து, 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய சட்டம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன்படி மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழோடு இணையுங்கள். அந்த போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம். பணத்தோடு, இத்தனை மாதம் வேலை தாமதப்பட்டதற்கான இழப்பீடும் வழக்குச் செலவும் கேளுங்கள். இழப்பீட்டுக்கு வாடிக்கையாளர்கள் அனுப்பிய தாமதப் புகார்களை ஆதாரமாக வைக்காமல் லட்சக்கணக்கில் கேட்டால் அது நிற்காது.

சோதனையில் அடைப்பு இணைய நிறுவனத்தின் பக்கம் என்று வந்தால் மட்டும் அவர்களையும் சேருங்கள். அதற்கு முன் புகார் எண்ணோடு எழுத்தில் புகார் கொடுத்து, தீர்வு இல்லையென்றால் அவர்களின் மேல்முறையீட்டு அதிகாரிக்கும் எழுதியிருக்க வேண்டும் என்பது என் அறிவுரை. தொலைத்தொடர்புத் தகராறுக்கு நுகர்வோர் ஆணையத்தில் இடமில்லை என்ற பழைய வாதத்தை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரி 16 அன்று வோடபோன் ஐடியா வழக்கில் நிராகரித்துவிட்டது.

வழக்கு நடக்கும் காலத்தில் வேலை நிற்கக் கூடாது என்பதால் வேறு ரவுட்டர் வாங்கத்தான் செய்வீர்கள். வேன், லேன் இரண்டிலும் 10/100/1000 என்று பெட்டியில் இருப்பதை உங்கள் கண்ணால் பார்த்து, அதையே பில்லில் எழுதி வாங்குங்கள். கேபிளில் 'கேட் 5இ' என்ற வகையே போதும், 'கேட் 6'-க்கு அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. கடைக்காரர் விற்ற ரவுட்டரைப் பெட்டியோடு அப்படியே எடுத்து வையுங்கள், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மனு தாக்கல் செய்யக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஆனால் கடையின் பில் புத்தகமும், உங்கள் பழைய மதர்போர்டும் அவ்வளவு நாள் அங்கே இருக்கும் என்று நான் நம்பவில்லை. நேரடிச் சோதனையை இந்த வாரமே செய்துவிட்டு நோட்டீஸை அனுப்புங்கள்.