எடை குறைந்த ரோவர் கல்லைத் துளைக்குமா?

கேள்வி: போட்டிக்காக 10 கிலோ நிலா ரோவர் ஒன்றை வடிவமைக்கிறோம். முன்பக்கக் கரத்தில் டிரில்லைப் பொருத்தலாமா?
– பொறியியல் மாணவர்கள், சேலம்

பதில்: வேண்டாம். நிலாவில் உங்கள் ரோவரின் எடை 16 நியூட்டன்தான். முன், பின் சக்கரங்களுக்கு இடையே 60 செ.மீ., எடை நட்டநடுவில், டிரில் முன்சக்கரத்துக்கு 30 செ.மீ. முன்னால் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தும் விசையைக் கல் அப்படியே திருப்பித் தரும். பின்சக்கரத்தை அச்சாக வைத்துக் கணக்கிட்டால் 16 × 30 ÷ 90. ஐந்து நியூட்டனைச் சற்றுத் தாண்டினாலே முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பிவிடும்!

டிரில்லை வயிற்றுப் பகுதியில், எடை மையத்துக்கு நேர் கீழே இறக்குங்கள். ஏறத்தாழ முழு எடையும் கிடைக்கும். பாதுகாப்புக்காக 8 நியூட்டனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கல்லின் மேல் ரோவரையே கொண்டுபோய் நிறுத்த வேண்டியிருக்கும். அந்தச் சிரமம் தாங்கக்கூடியதே.

இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் வெறும் சுழற்சி பலிக்காது. பிட் (டிரில்லின் துளைக்கும் முனை) கல்லில் பதியாமல் வழுக்கித் தேயும், சூடாகும். சுத்தியல் அடியும் சேர வேண்டும். நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் உருவாக்கிய அல்ட்ராசானிக் (மீயொலி அதிர்வு) டிரில் 10 நியூட்டனுக்கும் குறைவான அழுத்தத்தில் துளைப்பது இப்படித்தான். வேகம் குறைவு, பொறுமை வேண்டும்.

அடுத்த தொல்லை தூள். அங்கே அதைக் கழுவித் தள்ளத் தண்ணீரும் இல்லை, ஊதித் தள்ளக் காற்றும் இல்லை. பிட்டின் திருகுப் பள்ளங்களில் தூள் இறுகினால் மோட்டார் இழுக்கும் கரன்ட் ஏறும், பிறகு பிட் சிக்கிக்கொள்ளும். சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை பிட்டை மேலே எடுத்துத் தூளை உதறுங்கள். கரன்ட் வரம்பைத் தாண்டினால் தானே நிற்கும்படி நிரல் எழுதுங்கள்.

பூமியில் சோதிக்கும்போது, நிலாவில் இருக்கும் எடை மட்டும் மிஞ்சும்படி, எடை மையத்தில் கயிறு கட்டி, கப்பி வழியாக 8.3 கிலோ எதிர் எடையைத் தொங்கவிடுங்கள். இது இல்லாமல் தரையில் நடக்கும் சோதனை உங்களை ஏமாற்றிவிடும்.

கேள்வி: நாசாவின் செவ்வாய் ரோவர் பெர்சிவரன்ஸின் முதல் கல் மாதிரிக் குழாய் ஏன் காலியாக இருந்தது?
– வாசகர், மதுரை

பதில்: 2021 ஆகஸ்டில் துளை சரியாகவே விழுந்தது. ஆனால் கல் உறுதியற்றது. உருளையாக நிற்காமல் பொடிந்து, துளையிலும் அதைச் சுற்றியும் தங்கிவிட்டது. செப்டம்பரில் ‘ரோஷெட்’ என்ற உறுதியான பாறையில் மாதிரி கிடைத்தது. ஆகவே, குழாயை மூடுமுன் உள்ளே பார்க்கக் கேமராவும், அளவைத் தொட்டு அறியும் கம்பியும் அவசியம்.

கேள்வி: சோதனைக்கு நிலா மண்ணுக்கு எங்கே போவது?
– மாணவி, ஈரோடு

பதில்: அருகிலேயே இருக்கிறது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட் பாறையைப் பொடித்துத்தான் இஸ்ரோ மாதிரி மண் தயாரித்தது. இது நிலாவின் மேட்டுநிலத்துக்குப் பொருந்தும். கருமையான சமவெளிகளுக்கு என்றால் பசால்ட் என்ற எரிமலைப் பாறை வேண்டும்.