கடுமையான முடக்குவாதம். கழுத்து எலும்பு நகர்ந்திருக்கிறது, ஆபரேஷன் செய்யணும் என்கிறார்கள். வலி பெரிதாக இல்லையே, அவசியம் செய்யணுமா?

வலியை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்களுக்கும் பல வருஷமாக மெத்தோட்ரெக்சேட் என்ற மூட்டுவாத மருந்தும் ஸ்டீராய்டும் ஓடியிருக்கும், விரல்கள் கோணியிருக்கும், வலி பழகிப்போயிருக்கும் என்று நினைக்கிறேன். நமக்கெல்லாம் வலி ஒரு அளவுகோலே இல்லை.

எனக்குப் புடவை கட்டும்போதுதான் தெரிந்தது. கொசுவம் எடுக்கையில் விரலுக்கு நடுவே துணி இருக்கிறதா என்றே புரியவில்லை. அதைச் செருகக் குனிந்தால் பிடரியிலிருந்து கால்வரை கரண்ட் அடித்த மாதிரி ஓடும். வீட்டில் "மூட்டுதானே" என்றார்கள். மூட்டுவாத டாக்டர்தான் கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நேராக இருந்த படத்தில் ஒன்றுமில்லை; குனிந்த படத்தில் கழுத்தின் முதல் எலும்பு முன்னால் நழுவியிருந்தது. முதல் இரண்டு எலும்புகளைப் பிடித்து வைத்திருக்கும் நாரை இந்த நோய் அரித்துவிடுகிறது. பெரியவர்களுக்கு அந்த இரண்டு எலும்புக்கும் நடுவே முன்பக்க இடைவெளி 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், பின்னால் தண்டுவடத்துக்கு மிச்சமிருக்கும் இடம். அது 14 மி.மீ.க்குக் கீழே போனால் ஆபத்து. உங்களுக்கு அது எவ்வளவு, எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடம் நசுங்கியிருக்கிறதா, இந்த இரண்டையும் கேளுங்கள்.

ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கிறேன் என்று யாரும் கீழே வந்து எழுத வேண்டாம். நான் டாக்டரும் இல்லை. லேசாக நகர்ந்து, கைகால் நன்றாக இருந்தால், மருந்தை ஒழுங்காக எடுத்து அவ்வப்போது படம் பார்த்துக்கொண்டு இருக்கலாம். ஆனால் நடை தள்ளாடினால், பட்டன் போட வராவிட்டால், சிறுநீர் கட்டுப்படாவிட்டால் தள்ளிப்போடக் கூடாது. நடையே நின்றபின் செய்தால் பலருக்கு அது திரும்புவதில்லை. கழுத்தில் மாட்டும் காலர் வலியைக் குறைக்கும், நகர்வதை நிறுத்தாது.

எனக்கு ஸ்க்ரூ வைத்து இரண்டு எலும்பையும் சேர்த்தார்கள். மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் அப்போது இருந்த டாக்டர் அதுல் கோயல் 1994-ல் எழுதிய முறையிலிருந்து வளர்ந்தது இது. நம் நாட்டு ஆள் என்பதில் எனக்குப் பெருமை. தலை திரும்புவதில் பாதி அந்த மூட்டில்தான் நடக்கிறது, அது போய்விடும். ரோட்டைக் கடக்க இப்போது உடம்போடு திரும்புகிறேன், ஸ்கூட்டி ஓட்டுவதில்லை. கரண்ட் அடிப்பது நின்றது. விரல் மரமரப்பு முழுசாகப் போகவில்லை.

கேட்காததையும் சொல்கிறேன், மனசு ஆறவில்லை. செலவுக்கு டெபாசிட்டை உடைக்கப் போனால், கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கியில் திருப்பி அனுப்பினார்கள். கல்யாணத்துக்கு முன் போட்ட கையெழுத்து, இந்த விரலில் எப்படி வரும்? கையை நீட்டிக் காட்டினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கைரேகை வைக்க வழி இருக்கிறது என்று என் தம்பி சண்டை போட்டபின்தான் ஃபாரம் வந்தது. உங்களுக்கும் கை கோணியிருந்தால் வங்கி வேலையை இப்போதே முடித்துவிடுங்கள்.

மயக்க மருந்து டாக்டரை முன்கூட்டியே பாருங்கள். கழுத்தை வளைக்காமல் கேமரா வைத்து மூச்சுக்கான குழாயை இறக்குவார்கள். முழங்கால் ஆபரேஷனுக்குப் போனாலும் கழுத்து விஷயத்தை அவரிடம் சொல்லியாக வேண்டும். ஸ்டீராய்டு எலும்பை மெலிய வைத்திருக்கும், ஸ்க்ரூ பிடிக்குமா என்று சர்ஜனிடம் கேளுங்கள். மூட்டுவாதத்துக்குப் பயாலஜிக் என்ற வகை ஊசி போட்டால் எப்போது நிறுத்துவது என்று உங்கள் டாக்டர் சொல்வார். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். யாரையும் கழுத்தில் நெட்டி எடுக்கவோ எண்ணெய் போட்டு நீவவோ விடாதீர்கள். அந்த மி.மீ. கணக்கு தெரிந்ததும் இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன்.