மகன் விற்ற அட்டைகள்: பெறுமதியா, வயதா?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி, சிறுவயதில் தான் சேர்த்த பொக்கிமொன் கார்ட்டூன் அட்டைகளை ஓர் அல்பத்துடன் என் மகனுக்குக் கொடுத்தார். மகனுக்கு 16 வயது. ரியூசனுக்கும் அதைக் கொண்டு திரிந்தவன், எங்களுக்குத் தெரியாமல் யாழ்ப்பாண நகரில் ஒருவருக்கு 15,000 ரூபாய்க்கு விற்றுவிட்டான். அதிலிருந்த சரிசாட் என்ற பாத்திரத்தின் அட்டைக்கு இணையத்தில் 10 இலட்சம் போட்டிருக்கிறார்கள். வாங்கியவர் "விற்றது விற்றதுதான்" என்கிறார். உண்மையான பெறுமதியை எப்படி நிரூபிப்பது?
– வாசகி, கொக்குவில்

பதில்: சகோதரி, நீங்கள் அட்டையின் பெறுமதியைக் கேட்கிறீர்கள். நான் முதலில் கேட்பது மகனின் பிறப்புச் சான்றிதழை. இலங்கையில் பராயமடையும் வயது 18. அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளை பெற்றோரின் சம்மதமின்றிச் செய்த விற்பனை, நம் உரோமன் டச்சுச் சட்டப்படி பொதுவாக அந்தப் பிள்ளையைக் கட்டுப்படுத்தாது. மாமா அன்பளிப்பாகக் கொடுத்ததால் அட்டைகள் மகனின் சொத்து. அவை 15,000 பெறுமா, 10 இலட்சம் பெறுமா என்று வாதாடாமலே திருப்பிக் கேட்கலாம். வயதைக் கூட்டிச் சொன்னானா என்று மட்டும் அவனிடம் அமைதியாக விசாரியுங்கள். சொல்லியிருந்தால் உங்கள் பக்கம் பலவீனப்படும்.

நாள் கடத்தாதீர்கள். விவரம் அறியாத இன்னொருவருக்கு அட்டை கைமாறிவிட்டால், 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் அவரைப் பாதுகாக்கக்கூடும். விற்பனையை ஏற்கவில்லை, 15,000 ரூபாயைத் திருப்பித் தரத் தயார் என்று சட்டத்தரணி மூலம் இந்த வாரமே பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். அந்தப் பணத்தையும் தொடாமல் எடுத்து வையுங்கள்.

அட்டை கைமாறிப்போய், நட்டஈடு கேட்க வேண்டி வந்தால்தான் பெறுமதிப் பேச்சு. அங்கே உங்கள் 10 இலட்சம் நிற்காது. அது யாரோ கேட்கும் விலை, எவரும் கொடுத்த விலை அல்ல. ஈபே இணையச் சந்தையில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். அதே பதிப்பு, அதே நிலையிலுள்ள அட்டை அண்மையில் என்ன விலைக்குப் போனது என்று தேதியுடன் அச்செடுங்கள். தம்பியிடம் அந்த அட்டையின் பழைய படம் இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். 1999இல் வந்த ஆங்கில அட்டையானால், ஓவியத்தின் கீழே இடப்பக்கத்தில் 1 என்ற இலக்கத்துடன் சிறிய கறுப்பு முத்திரை இருக்கிறதா? இருந்தால் முதற்பதிப்பு. இல்லையென்றால் விலை பல மடங்கு இறங்கும். ஓரங்களில் வெள்ளை தெரிகிறதா என்றும் பாருங்கள். பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள் 1 முதல் 10 வரை தரமிடுவது இந்த ஓரங்களையும் மூலைகளையும் பார்த்துத்தான். 2022இல் 1 கோடி 26 இலட்சம் டொலருக்கு ஏலம் போன அமெரிக்க பேஸ்போல் வீரர் மிக்கி மான்டிலின் அட்டைக்குக் கிடைத்த தரம் 9.5. ரியூசன் பையில் திரிந்த அட்டை அந்தத் தரத்தை எட்டும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இன்னொன்று முக்கியம். வாங்கியவர் விலையைச் சொல்லாமல் மௌனமாக இருந்தார் என்பது மட்டும் மோசடியாகாது. அசல் என்று தெரிந்துகொண்டே "இவை போலி" என்று பொய் சொல்லி வாங்கியிருந்தால் கதை வேறு. பொலிஸ் முறைப்பாட்டுக்கும் இடமுண்டு. ஆகவே வட்ஸ்அப் உரையாடலை மகன் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். குறிப்பிட்ட தொகைக்குட்பட்ட பிணக்குகளை அங்கே கொண்டுபோன பிறகே மாவட்ட நீதிமன்றம் ஏற்கும். மகனையும் கூட்டிச் செல்லுங்கள். அவனை ஏசி வாயடைக்க வைத்துவிடாதீர்கள். விற்ற அன்று என்ன பேசப்பட்டது என்று உங்கள் தரப்பில் சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்தான்.